பின்கையால் வைத்த கொள்ளி

வாய்க்கரிசியைப் போட்டுவிட்டுக் குணலட்சுமி நகரவில்லை. பெட்டியின் விளிம்பில் கையூன்றிக் குனிந்து, பெற்ற ஐயாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் பெண்கள் கையில் அரிசியோடு வரிசையாய்க் காத்து நின்றார்கள். பந்தலுக்கு வெளியே பறைமேளம் ஓங்கி, அடங்கி, மறுபடி ஓங்கியது. உடம்பு கெடாமல் மருந்து ஏற்றியவர்கள் வாயை இறுக மூடிவிட்டிருந்ததால் அரிசி உள்ளே போகாமல் உதட்டின்மேலேயே கிடந்தது. அழுகிறவள் என்றால் தோளைப் பிடித்து விலக்கலாம். இவள் அழவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.

"பிள்ளை, தள்ளு. ஆக்கள் நிக்கினம்," என்றார் நமசிவாயம் சித்தப்பா. ஐயாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நீர்வேலியில் எந்தச் செத்த வீடென்றாலும் அவர் வந்து நிற்காமல் பிணம் வாசற்படலையைத் தாண்டாது.

அவள் நிமிர்ந்தாள். "சித்தப்பா, நான் சுடலைக்கு வாறன்," என்றாள்.

மேளம் அடிக்கும் சத்தத்தில் தனக்குத்தான் காது பிசகிவிட்டதோ என்று சித்தப்பா பார்த்தார். அவள் இன்னொரு தரம் சொன்னாள். அரிசியோடு நின்ற பெண்களுக்கு இரண்டாம் தரம் தெளிவாய்க் கேட்டுவிட்டது. பிறகென்ன, உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? கலியாணம் காட்சி இல்லாமல் தகப்பனே உலகமென்று கிடந்தவள், அறுபத்தைந்து வயதில் அந்த உலகமும் போனதும் மண்டை கலங்கிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். தொண்ணூற்றேழு வயது வரை இருந்து, இரண்டு கிழமை மட்டும் பாயில் கிடந்து போன மனுசனுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா என்றாள் இன்னொருத்தி. பெண்பிள்ளை படலையோடு நிற்க வேண்டும், அதற்கப்பால் ஆண்பிள்ளைகளின் வேலை. செத்துப்போன செல்வநாயகத்தாரின் வீட்டில் மட்டும் அது மாறுமா என்ன?

சித்தப்பா அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. கொள்ளி வைக்கிறவனைக் கூப்பிட்டார்.

குகதாசன் ஈர வேட்டியும் மார்பில் குறுக்கே போட்ட துண்டுமாக வந்தான். குணலட்சுமியின் ஒரே தம்பி. அவன் இருப்பது லெஸ்டரில். ஊர் அதையும் லண்டன் என்றுதான் சொல்லும். ஐயாவுக்குக் கடுமை என்று கேள்விப்பட்டு இரண்டு கிழமைக்கு முன் வந்து இறங்கியவன். வந்த நாளிலிருந்து ஐயாவின் கட்டிலடியில் இருந்தான்தான். ஆனால் ஐயா அவனோடு கதைத்தது கொஞ்சம். அவன் ஐயாவோடு கதைத்தது அதிலும் கொஞ்சம்.

அவன் அக்காவின் கையைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் வாழைக்குலை பழுக்கப் போடும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனான். சனம் இல்லாத இடம் அன்றைக்கு அது ஒன்றுதான். புகை போட்ட மணமும் கனிந்த கதலியின் மணமும் சுவரில் ஊறிப்போயிருந்தன.

"என்னக்கா இது? சித்தப்பா என்னிலை பாயிறார்."

"ஐயாவுக்கு வாக்குக் குடுத்திட்டன். நெருப்பு வைக்க முந்தி நான் அவற்றை வாயைப் பாக்கவேணும். அசையுதோ எண்டு."

குகதாசன் அவளைப் பார்த்தான். பக்குவமாகத்தான் சொன்னான், பைத்தியத்துக்குச் சொல்லுகிற பக்குவம் அது. டொக்டர் பார்த்து எழுதித் தந்துவிட்டார். மருந்தும் ஏற்றியாகிவிட்டது. மருந்து ஏற்றின உடம்பில் இனி அசைய என்ன இருக்கிறது?

"தெரியும்," என்றாள். "ஐயாவுக்கும் தெரியும். அவர் தனக்காகக் கேக்கேல்லை."

அதோடு நிறுத்திவிடத்தான் பார்த்தாள். ஐயா அவளிடம் வாங்கியது ஒரு வாக்கு அல்ல, இரண்டு. பார்க்க வேண்டும் என்பது ஒன்று. ஒருவருக்கும் சொல்லக்கூடாது, அதிலும் தம்பிக்குச் சொல்லவே கூடாது என்பது மற்றது. சொல்லாவிட்டால் இவன் விடமாட்டான். சொன்னால் ஐயாவின் வாய் மூடிய அடுத்த நாளே அவரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவாள். எது பெரிய பாவம் என்று நிறுத்துப் பார்க்க நேரம் இல்லை. வெளியே பெட்டியைத் தூக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குலைகளுக்கு மூடியிருந்த சாக்கின்மேல் இருந்தாள். தம்பியையும் இருக்கச் சொன்னாள்.

ஐயா இளம் வயதில் மலாயாவுக்குப் போய் வந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். ரயில் கந்தோரில் வேலை பார்த்த தாய்மாமனோடு போய்க் கோலாலம்பூரில் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர், உலகச் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாய்த் திரும்பி வந்தவர், வந்த பிறகு தோட்டத்தை விட்டு அசையாதவர். ஊர் அறிந்தது அவ்வளவுதான். நடுவில் ஒன்று இருந்தது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று யப்பான்காரன் கூப்பிட, மீசை முளைக்காத செல்வநாயகமும் போனார். கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆம்பிளைகளை அப்படியே லொறியில் ஏற்றினார்கள். இறங்கிய இடம் சயாம் காடு. மலையை வெட்டி ரயில் பாதை போட வேண்டும். தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அங்கே மண் சுமந்தார்கள். சுமக்க ஏலாதவன் விழுந்தான். விழுந்தவனைத் தாண்டிப் பாதை போனது.

பிறகு கொலரா வந்தது.

"அங்கைதான் ஐயா அந்த வெள்ளைக்காரனைக் கண்டவர்," என்றாள் குணலட்சுமி.

வில்ஃப் என்று பெயர். ஐயா 'வில்பு' என்பார். சிங்கப்பூர் விழுந்த அன்று பிடிபட்ட பிரித்தானியச் சிப்பாய்களில் அவனும் ஒருவன். சொந்த ஊரில் குதிரை பூட்டிய வண்டியில் வீடு வீடாய்ப் பால் கொடுத்துத் திரிந்தவன். துப்பாக்கி பிடித்ததைவிடக் கல்லுக் கூடை பிடித்ததுதான் அதிகம் என்று தானே சொல்லிச் சிரிப்பானாம். மழைக்குள் நடத்தியே காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சப்பாத்து உக்கிப்போய் வெறுங்காலோடு பாறை உடைத்தான். ஒரு நாள் காவல்காரனுக்குக் குனிந்த குனிவு காணாதென்று, தலைக்குமேல் பாறாங்கல்லைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்க வைத்தார்கள். கை இறங்கினால் மூங்கிலால் அடி. காலில் வந்த புண் எலும்பு தெரியத் தின்றது. சீழைக் கரண்டியால் சுரண்டி எடுக்கும்போது அவனை நாலு சிநேகிதர் அமத்திப் பிடித்தார்களாம். அந்த நாலு பேரையும் அவன் பிறகு ஒவ்வொருவராய்ப் புதைத்தான்.

தமிழ்க் கூலிகளின் முகாமில் கொலரா பரவினபோது, நோயாளிகளைப் பார்க்கவென்று கைதிச் சிப்பாய்கள் கொஞ்சப் பேரை அங்கே துரத்திவிட்டார்கள். கையில் மருந்து கிடையாது. வில்ஃப் மூங்கிலைச் சீவிக் குழாய் செய்து உப்புத் தண்ணீர் ஏற்றினான். கோவணத்தோடு திரிந்தான். 'தண்ணி', 'கொஞ்சம் பொறு', 'தம்பி' என்று இரண்டு மூன்று தமிழ்ச் சொல் பழகினான். இங்கிலிஷ் தெரிந்த பொடியன் என்றபடியால் ஐயாதான் அவனுக்கு வாயும் காதும். பகலெல்லாம் இரண்டு பேருமாய்ச் செத்தவர்களைக் காவிக்கொண்டு போய் மூங்கில் அடுக்கில் வைத்து எரித்தார்கள்.

முதன்முதலில் எரித்த கிழவனுக்கு ஐயா தன் தகரக் கோப்பையில் இருந்து நாலு பருக்கைச் சோறு எடுத்து வாயில் வைத்தார். பச்சையரிசிக்கு அங்கே எங்கே போக? அது என்னத்துக்கு என்று வில்ஃப் கேட்டான். வழிக்குச் சாப்பாடு, ஒருவரும் போடாவிட்டால் பசியோடு போவார்கள் என்று ஐயா சொன்னார். அடுத்த நாளிலிருந்து வெள்ளைக்காரன், தனக்குக் கிடைக்கிற ஒரு அகப்பைச் சோற்றில் கொஞ்சத்தைக் கிள்ளி இலையில் சுற்றி வைத்தான். அன்றன்று போகிறவர்களுக்கு அது. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தவன், தன் வாய்ச் சோற்றைத் தமிழ்ச் சனத்துக்கு வாய்க்கரிசியாய்ப் போட்டான்.

"கடைசியிலை அவனுக்கும் வந்திட்டுது," என்றாள். "ஒரு விடியப்புறம் அவனையும் காவிக்கொண்டு வந்து அடுக்கிலை போட்டிட்டினம். ஐயாதான் வாய்க்கரிசி போட்டவர். போட, வாய் அசைஞ்சதாம்."

குகதாசன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.

"நெருப்பு அசைக்கிறது வேறை எண்டு ஐயா சொன்னவர். சூட்டுக்கு நரம்பு இழுத்து, பிணம் எழும்பும், கை மடங்கும். மூங்கிலாலை அமத்தி அமத்தி எரிச்ச ஆளுக்கு அது தெரியாதே? இது நெருப்புக்கு முந்தி. ஒரு பருக்கையை உள்ளுக்கு இழுத்த மாதிரி இருந்ததாம்."

பின்னால் காவல்காரன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கெதியாய், கெதியாய் என்று துப்பாக்கிப் பிடியால் முதுகில் இடித்தான். பொடியன் என்ன செய்தான்? ஊரில் பார்த்த முறைப்படி செய்தான். பிணத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பின்கையால் கொள்ளியை வைத்து, திரும்பிப் பாராமல் நடந்தான். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதுதானே எங்கள் வழமை.

போன மாரியில், மத்தியானக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஐயா அந்தக் கடைசித் துண்டைச் சொன்னார். குணலட்சுமி அதை ஒரு சொல்லும் மாற்றாமல் தம்பிக்குச் சொன்னாள்.

"'பாக்க நேரமில்லாமல் இல்லை, பிள்ளை. பாத்தால் தெரிஞ்சிடும் எண்டுதான் பாக்கேல்லை. முறையிலை ஒளிச்சுக்கொண்டன்.' அப்பிடித்தான் சொன்னவர். 'தம்பி கொள்ளி வைக்கேக்கை அவனும் பாக்கமாட்டான். நீ பார். ஒரு ஆளாவது பாக்கவேணும்' எண்டவர்."

அறைக்கு வெளியே யாரோ குகதாசனைத் தேடிக் கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. ஊரில் சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் அவன் லெஸ்டரில் தன்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரச் சிநேகிதன் ஒருவனை ஊர் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நெட்டையன், செம்பட்டைத் தலைமயிர். ஐயா அவனைக் கண்டதும் வாழைத் தோட்டத்துக்குள் போனவர்தான், அவன் போய்த் தொலையும் வரை வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தவனுக்கு முன்னால் குகதாசன் வெட்கத்தால் செத்தான். பிறகு ஐயாவோடு வாய்ச்சண்டை; கன வருசம் ஊர்ப்பக்கம் தலை காட்டவில்லை. லண்டனுக்கு ஒருக்கால் வாருங்கோ என்று எத்தனையோ தரம் கேட்டும் ஐயா போகவில்லை. குளிர் ஒத்துவராது என்றார். சயாம் மழையில் கிடந்து வந்த உடம்புக்குக் குளிராம்!

"அப்ப என்னிலை கோவமில்லை," என்றான் குகதாசன். "நான் நினைச்சன், நான் போனது அவருக்குப் பிடிக்கேல்லை எண்டு. இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன், அக்கா."

"உன்ரை ஊர்த் தெருவிலை அந்த முகம் மாதிரி ஒண்டைக் கண்டிடுவன் எண்டு அவருக்குப் பயம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ அவங்களோடை இருக்கிறாய். அங்கை நிம்மதியா இருக்கட்டும் எண்டவர்."

அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். எழுந்து வெளியே போனான். அக்கா வருவா என்று சித்தப்பாவிடம் சொன்னான். சித்தப்பா முறையைச் சொன்னார், ஊரைச் சொன்னார், நாளைக்கு ஆர் இந்த வீட்டில் கை நனைப்பார்கள் என்று கேட்டார். குகதாசன் எல்லாவற்றையும் நின்று கேட்டான். பிறகு, அக்கா வராவிட்டால் தான் கொள்ளி வைக்கவில்லை, சித்தப்பாவே வைக்கட்டும் என்றான். கிழவர் மேளக்காரர் பக்கம் திரும்பி, அடியுங்கோடா என்று கத்தினார். அவருக்கு யாரையாவது ஏச வேண்டியிருந்தது.

படலையடியில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள், பெட்டிக்குப் பின்னால் ஆண்களோடு குணலட்சுமியும் தாண்டிப் போவதைக் கண்டு ஒப்பாரியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவள் எல்லாருக்கும் கடைசியில் நடந்தாள். இரு பக்கமும் வாழை. செம்மண் ஒழுங்கையில் முன்னால் போனவர்கள் எறிந்த பொரி காலடியில் மிதிபட்டது. ஐயா, என்ன வேலையடா எனக்கு வைத்துவிட்டுப் போனாய் என்று மனதுக்குள் திட்டினாள். உயிரோடு இருந்த நாளில் ஒரு தரம்கூட அவரை நீ என்று சொன்னதில்லை. அதை நினைத்ததும் அழுகை வந்தது. முதல் அழுகை.

சுடலையில் கட்டை அடுக்கி ஆயத்தமாய் இருந்தது. பெட்டியை மேலே ஏற்றி மூடியைக் கழற்றினார்கள். ஆண்கள் ஒவ்வொருவராய் வந்து வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாய்க் குகதாசன் போட்டான். போட்டுவிட்டு ஒதுங்கி, அக்காவைப் பார்த்தான். அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முன்னுக்கு வந்தாள்.

ஒரு சிட்டிகை அரிசியை உதட்டில் வைத்தாள். கிட்டக் குனிந்தாள். சவரம் செய்து பவுடர் பூசிய முகம், மேலுதட்டில் சின்ன வெட்டுத் தழும்பு, வாய்க் கடையில் இரண்டு அரிசி. வெயிலுக்குப் பழுத்த பனையோலை எங்கேயோ உரசிக்கொண்டிருந்தது. பார்த்தாள். தனக்காக ஒரு தரம் பார்த்தாள், ஐயாவுக்காக ஒரு தரம் பார்த்தாள். பிறகு, முகம்கூடக் கண்டறியாத அந்தப் பால்காரனுக்காகவும் பார்த்தாள். உதடு உதடாகவே கிடந்தது. ஒரு அரிசிகூடப் புரளவில்லை. சித்தப்பா இருமினார். அவள் அவசரப்படவில்லை, சுற்றி நின்ற ஆக்கள் எல்லாரும் செருமத் தொடங்கும் மட்டும் நின்று பார்த்தாள்.

"இல்லை," என்றாள் நிமிர்ந்து. "வை, தம்பி."

சொன்னதும் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. வாக்கைக் காப்பாற்றிவிட்டாள், இனி ஒன்றும் இல்லை. முகத்துக்குமேல் கட்டையை அடுக்கினார்கள். குகதாசன் குடத்தோடு சுற்றி வந்தான். குடம் உடைந்தது. அவன் ஐயாவுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்கையால் கொள்ளியை வைத்தான். திரும்பிப் பாராமல் போ என்று சித்தப்பா அவன் தோளைத் தள்ளினார். சனம் கலைந்து வாகனங்களுக்குப் போனது. கட்டை அடுக்கினவர் மட்டும் நீளத் தடியோடு நின்றார்.

குணலட்சுமியும் நின்றாள். ஏன் நின்றாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பார்க்க வந்தவள் பாதியில் போவது சரியில்லை என்று பட்டது. குகதாசன் அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், மதில் வாசலில் றோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டான். அவனுடைய முதுகுதான் தெரிந்தது. குடத்துத் தண்ணீர் பட்டு அது இன்னும் ஈரமாய் இருந்தது.

நெருப்பு அடியில் பற்றி, பக்கத்தால் ஏறி, மேலே வந்தது. வெகு நேரம் அது கட்டையைத்தான் தின்றது. பிறகு, நெஞ்சுக்கு நேரே கிடந்த கட்டை மெல்ல உயர்ந்தது. உயர்ந்து சரிந்தது. அந்த இடைவெளிக்குள்ளால், முழங்கை வரை கறுத்துப்போன ஒரு கை மேலே வந்தது. யாரையோ கொஞ்சம் பொறு என்று மறிக்கிறது போல விரல்கள் மடங்கியிருந்தன.

நரம்புதான். சூட்டுக்கு இழுக்கும். ஐயாவே சொன்னது. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஓரடி பின்னால் வைத்தாள். தடிக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, தடியை நீட்டி அந்தக் கையைப் பக்குவமாய் உள்ளே அமத்தினார். கட்டை முறிந்து பெரிய சத்தமாய்த் தீப்பொறி பறந்தது.

வாசலில் நின்ற முதுகு விறைத்தது.

"அக்கா," என்று கூப்பிட்டான், திரும்பாமல். "என்ன சத்தம்? அசையுதே?"

தடிக்காரர் இன்னும் அமத்திக்கொண்டுதான் நின்றார்.

"இல்லை," என்றாள் குணலட்சுமி. "ஒண்டும் அசையேல்லை. நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன். நீ நட."

அவன் ஒரு மூச்சு விட்டது தூரத்திலேயே தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு றோட்டில் இறங்கினான். வாகனத்துக்குள் அவனுக்காக இடம் விட்டு இருந்தார்கள். குணலட்சுமி கண்ணை எடுக்காமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.